அளந்து வைத்தவர் ஊர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதல் மரபு. கற்றறிந்த புலவர்கள் வீற்றிருக்கும் இவ்வவையில், பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இருபது ஆண்டுகளாக ரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதி வரும் எங்களைப் போன்றோர் இலக்கியம் பேச முற்படுதல் தகாது. ஆதலின், கைக்குப் பழகிய ஒன்றைப் பற்றியே பேச விழைகிறோம். 'நாங்கள்' என்று சொல்வது வெறும் மரியாதைப் பன்மை அன்று. இக் கரக்பூரில் பணிபுரியும் எழுத்தர் மூவர் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒருவர் வீட்டுப் பின்கட்டில் கூடி, ஐந்தடி நீளப் பலகை ஒன்றின்மீது இங்கிலாந்து நாட்டுக் கிளைப்பாதை நிலையம் ஒன்றைச் சிற்றுருவாகக் கட்டி வருகிறோம். மூவருக்குமாக ஒருவர் பேசுகிறோம், அவ்வளவே.

மாதிரி ரயில் என்றவுடன், சாவி கொடுத்தால் வட்டமாகச் சுற்றும் குழந்தை விளையாட்டே நம் நினைவுக்கு வரும். இங்கிலாந்திலும் அது அவ்வாறே தொடங்கியது. நார்தாம்ப்டனில் பாசெட்-லோக் என்பவர் 1899இல் தொடங்கிய நிறுவனம், தொடக்க காலத்தில் ஜெர்மனியில் செய்வித்த ரயில்களை வரவழைத்து விற்றது. லிவர்பூலைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி, துளையிட்ட உலோகத் துண்டுகளைத் திருகாணியால் பூட்டும் 'மெக்கானோ' என்னும் பொறியியல் விளையாட்டுக்கு 1901இல் காப்புரிமை பெற்றார். 1920இல் ரயில்களையும் செய்யலானார். அவர் 1936இல் மறைந்த பின்னர், 1938இல் அந்நிறுவனம் மேசைமேல் ஓடும் 'ஹார்ன்பி டப்லோ' ரயிலை வெளியிட்டது. ஆயின், விளையாட்டுப் பொருள் வேறு, மாதிரி வேறு. ஓடினால் போதும் என்பது விளையாட்டு. உண்மையை ஒத்திருத்தல் வேண்டும் என்பது மாதிரி. இரண்டாவதன் மீது பற்றுக்கொண்டோர் லண்டனில் 1910இலேயே ஒரு மன்றம் அமைத்துக்கொண்டனர். 1925இல் அவர்களுக்கென ஒரு தனி இதழும், 1949இல் மற்றோர் இதழும் தோன்றின. அவ்விதழ்களின் பக்கங்களில் நிறைந்திருப்பவை கதைகள் அல்ல, அளவுப் படங்கள்.

இக்கலையின் உயிர்நாடி கணக்கு. அங்கு மிகுதியாக வழங்கும் அளவில், உண்மையான ஓரடிக்கு மாதிரியில் 4 மில்லிமீட்டர். அதாவது, உருவம் ஏறக்குறைய 76இல் ஒரு பங்கு. பிரிட்டனின் இருப்புப்பாதை அகலம் 4 அடி 8½ அங்குலம். இதனை நான்கால் பெருக்கினால் 18.83 மில்லிமீட்டர் வரும். ஆனால், கடையில் விற்கும் மாதிரிப் பாதையின் அகலமோ 16.5 மில்லிமீட்டர். இடையில் எங்கோ 2.33 மில்லிமீட்டர் காணாமற்போயிற்று! பேரேட்டில் இவ்வளவு துண்டு விழுந்தால் எங்கள் தணிக்கையாளர் சும்மா விடுவாரா?

இத்துண்டு விழுந்த வரலாறு சுவையானது. 16.5 மில்லிமீட்டர் என்பது, ஓரடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்னும் மற்றோர் அளவுக்கு உரிய பாதை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் அவ்வளவையே ஏற்றன. பிரிட்டனின் சுரங்கங்களும் பாலங்களும் குறுகலானவை. அதனால் அந்நாட்டு எஞ்சின்களும் பிற நாட்டு எஞ்சின்களைவிட உருவில் சிறியவை. அவற்றை 3.5 மில்லிமீட்டர் அளவில் செய்தால், அக்காலத்து மின்மோட்டார் வயிற்றுக்குள் அடங்கவில்லை. எனவே, வண்டியின் உடலை மட்டும் 4 மில்லிமீட்டர் அளவுக்குப் பெருக்கிவிட்டு, பாதையைப் பழைய அகலத்திலேயே விட்டுவிட்டனர். அதன் பயனாக, இன்றளவும் பிரிட்டிஷ் மாதிரி எஞ்சின்களிற் பெரும்பாலானவை, உண்மையில் 4 அடி 1½ அங்குலத்திற்கு நிகரான பாதையில், கால்களை ஒடுக்கிக்கொண்டு ஓடுகின்றன. இதனைப் பொறுக்கமாட்டாத சிலர் 18.2 மில்லிமீட்டர் பாதையும், அவர்களினும் கண்டிப்பானவர்கள் முழுமையான 18.83 மில்லிமீட்டர் பாதையும் தாங்களே கையால் இட்டுக்கொள்கின்றனர். பெரும்பான்மையோர் குறையை அறிந்தே ஏற்றுக்கொண்டு, எஞ்சியவற்றையேனும் சரியாகச் செய்கின்றனர். எங்கள் பலகையும் இப்பெரும்பான்மைக் கட்சியைச் சேர்ந்ததே.

இனி, பிரிட்டனை விட்டு வெளிநாடுகளில் வாழ்ந்துகொண்டே அந்நாட்டு ரயிலைக் கட்டுவோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்குக் கூடியிருக்கும் நமக்கு அவர்கள் அந்நியர் அல்லர். பிழைப்பின் பொருட்டு கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்று குடியேறியவர்களிற் பலர், இளமையில் நிலைய மேடையில் நின்று எண் குறித்த எஞ்சின்களை மறக்கமாட்டாமல், வீட்டின் நிலவறையிலும் வண்டிக் கொட்டகையிலும் ஒரு சிறு இங்கிலாந்தை நிறுவினர். ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் பிரிட்டிஷ் மாதிரி ரயில் கட்டுவோர் தமக்கெனத் தனித்தனிச் சங்கங்களையும் அமைத்துக்கொண்டனர். சங்கம் வைக்கும் வழக்கம் தமிழனுக்கு மட்டும் உரியதன்று போலும்!

இவர்களுக்கு நேரும் இடையூறுகள் பல. அக்கம்பக்கத்துக் கடையில் வேண்டிய பொருள் கிடைப்பதில்லை. ஒரு ஜோடி சக்கரத்துக்கும் ஒரு தாள் எண்ணெழுத்துக்கும் கடல்கடந்த அஞ்சலை எதிர்நோக்க வேண்டும். பொருளின் விலையோடு அஞ்சற் கட்டணத்தையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்தால், வாங்குவதா செய்வதா என்னும் வழக்கில் செய்வதே வெல்லும். வட அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட்டு; பிரிட்டனில் 230. எனவே, அங்கிருந்து வரும் மின்கட்டுப்பாட்டுப் பெட்டியை அப்படியே சுவரில் செருக இயலாது. ஒரு நன்மையும் உண்டு. சற்று முன்னர்ச் சொன்ன அந்தத் துண்டு விழுந்த கணக்கின் பயனாக, அமெரிக்க மாதிரிப் பாதையும் பிரிட்டிஷ் மாதிரிப் பாதையும் ஒரே அகலம் உடையவை. எனவே, உள்ளூர்க் கடைப் பாதையிலேயே பிரிட்டிஷ் எஞ்சினை ஓட்டலாம். ஆனால், பார்த்த கண் உடனே குற்றம் கண்டுவிடும். அப்பாதையின் ஸ்லீப்பர் கட்டைகள் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும். பிரிட்டனின் பழைய மரக்கட்டையோ எட்டரை அடி நீளம். அதன்மேல் வார்ப்பிரும்பு இருக்கை, அவ்விருக்கையில் தலைபருத்த தண்டவாளம், அதனை இறுக்க ஒரு மர ஆப்பு. ஆப்பின் தலையையும்கூட மாதிரியில் காட்டுவோர் உளர்.

வெப்ப நாடுகளில் வாழ்வோரின் தொல்லை வேறு வகையினது. மழைக்காலத்தில் ஒட்டுப்பலகை ஈரம் குடித்து வளைகிறது. அட்டையால் செய்த சுவர் நெளிகிறது. பித்தளைத் தண்டவாளம் கறுத்து மின்சாரத்தைத் தடுக்கிறது. நிக்கல் கலந்த வெண்ணிற உலோகம் சற்றுத் தாங்குகிறது. கோடையில் நீளும் பாதைக்கு, உண்மை ரயிலில் விடுவதைப் போன்றே, இங்கும் இணைப்பில் இடைவெளி விட வேண்டும். இக்கரக்பூரின் ஆடி ஆவணி மாதங்கள் எங்கள் பலகைக்கு இப்பாடங்கள் அனைத்தையும் கற்பித்துள்ளன.

ஆயினும், இவை யாவும் பணத்தாலும் பொறுமையாலும் தீர்பவை. எளிதில் தீராத இடையூறு ஒன்று உண்டு, அது நினைவு. ஊரைவிட்டு வந்தவன் நினைவில் புல் எப்போதும் பசுமை. எஞ்சின் எப்போதும் துடைத்த பளபளப்பு. நிலையத்துப் பூந்தொட்டிகளில் என்றும் மலர். இங்கிலாந்தின் வெயிலோ மென்மையானது; ஆண்டிற் பல நாள் வானம் சாம்பல் நிறம். அந்த ஒளியில் செங்கல்லும் புல்லும் அடங்கித்தான் தோன்றும். நம் நாட்டையோ ஆஸ்திரேலியாவையோ போன்ற கொளுத்தும் வெயிலில் அமர்ந்து வண்ணம் தீட்டுபவன், தன்னை அறியாமலே நிறத்தைக் கூட்டிவிடுகிறான். இதனை உணர்ந்தவர்கள் நினைவை நம்புவதில்லை. புகைப்படத்தையும் அளவுப் படத்தையுமே நம்புகின்றனர். அன்பு இருந்தால் மட்டும் போதாது, அளவும் வேண்டும் என்பது இக்கலையின் முதற் பாடம்.

நுணுக்க வேலை என்பது யாது என்று கேட்பீர்கள். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். பிரிட்டனில் லட்சக்கணக்கில் ஓடிய நிலக்கரி வேகன் ஒன்று உண்டு; 16 டன் கொள்வது; எஃகால் ஆனது. அதன் உடல் நீளம் 16½ அடி. மாதிரியில் 66 மில்லிமீட்டர், ஒரு தீப்பெட்டியினும் சற்றே நீளம். சக்கரங்களின் இடைவெளி 9 அடி. மாதிரியில் 36 மில்லிமீட்டர். கடையில் வாங்கிய வேகனைக் கையில் எடுத்தவுடன் மாதிரி வினைஞர் செய்வது யாது? தடித்த கைப்பிடிகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, மயிரிழை போன்ற பித்தளைக் கம்பியைச் சாமணத்தால் பிடித்துப் பொருத்துகிறார். நெகிழிக் கொக்கியை நீக்கி, மூன்று கண்ணிச் சங்கிலியை மாட்டுகிறார். பக்கவாட்டில் சாய்ந்த வெள்ளைக் கோடு ஒன்றை இடுகிறார். அக்கோடு அழகுக்கு அன்று. இவ்வேகனின் எந்த முனையில் கதவு உண்டோ, அதனைத் துறைமுகத்துத் தொழிலாளி தொலைவிலிருந்தே அறிவதற்காக இட்டது அது. கோட்டைத் தவறான திசையில் சாய்த்தால், நிலக்கரியைக் கப்பலில் கொட்ட வேண்டியவன் கதவில்லாத முனையைத் தூக்கி நிற்பான்! 66 மில்லிமீட்டர் பொம்மையில் இதனை யார் கண்டார் என்பீர்கள். அவர் கண்டார், அதுவே போதும் என்கிறார்.

அடுத்து எஞ்சின். அதன் முகப்பில் வைக்கும் விளக்குகளுக்கும் இலக்கணம் உண்டு. இரு பஃபர்களின் மேலும் ஒவ்வொரு விளக்கு இருப்பின் விரைவு வண்டி; புகைபோக்கியின் அடியில் ஒரே விளக்கு இருப்பின் எல்லா நிலையங்களிலும் நிற்கும் சாதாரணப் பயணி வண்டி. கடைசி வண்டியின் பின்புறம் ஒரு சிவப்பு விளக்கு. கைகாட்டி அறையில் இருப்பவர் அவ்விளக்கைத் தம் கண்ணால் கண்ட பின்னரே, வண்டி முழுதாக வந்து சேர்ந்தது என்று முந்தைய நிலையத்துக்கு மணியடித்துச் சொல்வார். விளக்கு இல்லையேல், நடுவழியில் வண்டி அறுந்து பாதி பின்தங்கியது என்று பொருள். நம் ரயில்களின் கடைசிப் பெட்டியில் தொங்கும் எல்.வி. பலகையின் முன்னோர் இவ்விளக்கே என்பதைத் தோழர்கள் அறிவர். அரைப் பயறளவு சிவப்பு மணி ஒன்றை மறந்த மாதிரி ரயிலில், உயிர்களைக் காக்கும் ஒரு முறையே மறந்துபோகிறது.

எல்லாவற்றினும் கடினமானது அழுக்கு. புதிதாக வந்த எஞ்சின் பளபளவென்று இருக்கும். வினைஞர் அதற்கு நீர்த்த கருவண்ணத்தைப் பூசித் துடைக்கிறார். கரித்தூளைத் தூரிகையால் தட்டுகிறார். கடின நீர் ஓடும் வட்டாரத்து எஞ்சினாயின், கொதிகலத்தின் மேல் சுண்ணாம்புக் கறை வெள்ளையாக வழிந்திருக்க வேண்டும். எஞ்சின் வந்து நிற்கும் இடத்தில் பாதை எண்ணெயும் சாம்பலும் படிந்து கருத்திருக்க வேண்டும். நிலக்கரி வேகனில் வண்ணம் உரிந்து துரு தின்ன வேண்டும். பெருவிலை கொடுத்து வாங்கியதைத் தாமே அழுக்காக்க ஒருவருக்குத் துணிவு வேண்டும். அழுக்கு நீங்கினால் உழைத்தவன் நீங்குவான். கரி அள்ளியவனும் சாம்பல் வாரியவனும் அங்கே இல்லாமற்போவர். பளபளக்கும் மாதிரியைக் காட்டிலும் அழுக்கேறிய மாதிரி உண்மையாகத் தோன்றுவதன் காரணம் இதுவே என்பது எங்கள் துணிபு.

வண்டிகள் இவ்வாறு அமைந்த பின் அவற்றை ஓட்ட வேண்டும். ஐந்தடிப் பலகையில் லண்டனையும் பிரிஸ்டலையும் காட்ட இயலாது. எனவே, நிலையத்தின் ஒரு கோடியில், ஒரு பாலத்தின் பின்னோ மரக்கூட்டத்தின் பின்னோ, பார்ப்பவர் கண்ணில் படாத சில பாதைகளை அமைப்பர். வண்டி அங்குச் சென்று மறையும். வேறு வண்டி அங்கிருந்து வரும். அம்மறைவிடமே எஞ்சிய உலகம் முழுவதும். பீட்டர் டென்னி என்னும் பாதிரியார், பக்கிங்ஹம் என்னும் ஊருக்குச் செல்வதாகக் கற்பித்த ஒரு கிளைப்பாதையைத் தம் வாழ்நாளிற் பெரும்பகுதி செலவிட்டுக் கட்டினார். உண்மை நிலையத்தைப் போலவே காலஅட்டவணைப்படி ஓட்டினார். அடுத்த நிலையத்துக் கைகாட்டி அறையை அவர் மகன் கவனித்து வந்தான். மகன் வளர்ந்து வீட்டைவிட்டுச் சென்றதும், அவன் அடித்த மணிகளை அடிக்கவும் வண்டியை ஏற்று அனுப்பவும் பாதிரியார் ஓர் இயந்திரத்தைச் செய்தார். அதற்கு மகன் பெயரையே இட்டு, 'தானியங்கும் கிரிஸ்பின்' என்று அழைத்தார். பிள்ளைகள் தொலைவூர் சென்ற வீடுகளில் இருப்போர்க்கு இதன் பொருளை நாங்கள் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இப்போது ஒருவரைச் சிறப்பாக நினைவுகூர வேண்டும். ராய் இங்கிலாந்து என்பது அவர் பெயர். பெயரில் இங்கிலாந்து இருப்பினும், அவர் மேற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் மீது கொண்ட பற்றால், 1925இல், இன்னும் இருபது வயதும் நிரம்பாத இளைஞராகக் கடல்கடந்து வந்தார். வெண்குதிரைப் பள்ளத்தாக்கு என்று பெயர்பெற்ற பகுதியில் அவர் கண்டவை யாவை? நூற்றாண்டுகளாக நின்ற கூரைவீடுகள் ஒவ்வொன்றாக உருமாறி வந்தன. வைக்கோற் கூரை இறங்கிப் புதுக்கூரை ஏறியது. சுவர் இடிந்து புதுச்சுவர் எழுந்தது. அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர்க்கு அஃது அன்றாட நிகழ்ச்சி. யாரும் நின்று பார்க்கவில்லை. வெளியிலிருந்து வந்த இவ்விளைஞரின் கண்ணுக்குத்தான் அது பேரிழப்பாகப் பட்டது.

அவர் கட்டுரை எழுதி வருந்தவில்லை; அளக்கத் தொடங்கினார். எத்தனை வரிசைச் செங்கல், எந்தச் சன்னலுக்கு எத்தனை கண்ணாடி, எந்தச் சுவரில் எந்த இடத்தில் பழுது என்று குறித்தார். அவ்வீடுகளை ஓரடிக்கு 4 மில்லிமீட்டர் அளவில் அட்டையால் கட்டி, நீர்வண்ணம் தீட்டினார். தம்மைப் போன்ற ஆர்வலர்களைச் சேர்த்துக்கொண்டு, 1954இல் ஆக்ஸ்போர்டுஷயரில் லாங் விட்டன்ஹம் என்னும் சிற்றூரில் பெண்டன் அருங்காட்சியகத்தை நிறுவினார். 1920, 1930களின் பள்ளத்தாக்கு, அதன் வயல்களும் தோட்டங்களும் நடுவே ஓடும் ரயிலுமாக, அங்கு உருப்பெற்றது. ஒரு வீட்டுக்கே நூற்றுக்கணக்கான மணிநேர உழைப்பு. 1995இல் அவர் மறைந்தார். வேலை தொண்டர்களின் கையில் தொடர்கிறது. ஜான் அஹெர்ன் என்பவர் 1930களின் இறுதியில் தொடங்கிக் கட்டிய 'மேடர் வேலி' என்னும் புகழ்பெற்ற கற்பனை ரயில்பாதையும், அவர் மறைவுக்குப் பின்னர், அழியாமல் அங்கேயே அடைக்கலம் பெற்றுள்ளது.

இவ்வேலையின் அருமை பின்னரே பலருக்குப் புலப்பட்டது. 1963இல் பீச்சிங் என்பார் அரசுக்கு அளித்த அறிக்கை, 2,363 நிலையங்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடலாம் என்று பரிந்துரைத்தது. சில தப்பின, பெரும்பாலானவை மூடப்பட்டன. தண்டவாளம் பெயர்ந்தது, நிலையம் வீடாயிற்று, மேட்டில் புல் முளைத்தது. 1968 ஆகஸ்டில் பிரிட்டனின் முதன்மைப் பாதைகளில் நீராவி எஞ்சினும் ஓய்ந்தது. அதன் பின்னர்ப் பிறந்தவன், தன் தாத்தா பயணச்சீட்டு வாங்கிய கிளைப்பாதை நிலையத்தைக் காண விரும்பின், பல ஊர்களில் அவனுக்குக் கிட்டுவது யாரோ ஒருவர் வீட்டு மேசைமேல் உள்ள மாதிரி ஒன்றே. அஃது உண்மைக்கு எவ்வளவு நெருங்கியதோ, அவ்வளவே அவன் பெற்ற சொத்து.

"தமிழர்களாகிய நீங்கள் இங்கிலாந்து நிலையத்தை ஏன் கட்டுகிறீர்கள்? மாயவரத்தையோ மானாமதுரையையோ கட்டக்கூடாதா?" என்று எங்களைக் கேட்பவர் பலர். நியாயமான கேள்வி. விடையும் எளிது. இங்கிலாந்தின் கிளைப்பாதை நிலையம் ஒன்றைக் கட்ட வேண்டுமானால், அதன் கட்டடப் படம், மேடையின் நீளம், கைகாட்டி மரத்தின் உயரம், நின்ற வேகனின் எண் முதலிய யாவும் அச்சில் கிடைக்கின்றன. கண்ணால் ஒருமுறையும் காணாத ஊரை, கடலுக்கு இப்பால், வங்காளத்து மழையில் அமர்ந்து எங்களால் கட்ட முடிகிறது. நாங்கள் சிறுவயதில் மீட்டர்கேஜ் வண்டியில் ஏறி இறங்கிய எங்கள் சொந்த ஊர் நிலையத்தைக் கட்ட முயன்றபோதோ, அளவுப் படம் எங்களுக்குக் கிட்டவில்லை. கிட்டியவை திருமண ஊர்வலத்தின் பின்னணியில் மங்கலாகத் தெரியும் ஓர் ஓட்டுக்கூரையும், மூத்தோர் வாய்மொழியுமே. காணாத ஊர் எங்கள் கையில் நிற்கிறது. கண்ட ஊர் நழுவிவிட்டது. அளந்து வைத்தவர் ஊர் கடல்கடந்தும் வாழும். அளக்காதவர் ஊர் கண்முன்னே மறையும்.

நாங்கள் மிகைபடச் சொல்லவில்லை. 1977 ஆகஸ்ட் 15 அன்று மதுரைக்கும் சென்னை எழும்பூருக்கும் இடையே மீட்டர்கேஜில் ஓடத் தொடங்கிய வைகை விரைவு வண்டியை இங்குள்ள மூத்தோர் அறிவர். 1992இல் ஒரே அகலப்பாதைத் திட்டம் வந்தது. தென்னாட்டின் மீட்டர்கேஜ் பாதைகள் ஏறத்தாழ அனைத்தும் அகலப்பாதைகள் ஆயின. அது தேவையான மாற்றமே; ரயில்வேயில் உண்ணும் நாங்கள் அதனைக் குறைகூற மாட்டோம். வண்டிகள் விரைந்தன, சரக்கு பெருகிற்று, பெட்டி மாற்றும் தொல்லை நீங்கிற்று. ஆயின், பழையதை இடிக்கும் முன் ஒரு நாடாவை எடுத்து அளந்து வைப்பதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும்?

இவ்விடத்தில், வெளிநாடு வாழ் ஆங்கிலேயரிடம் கண்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வுரையின் பொருட்டு நாங்கள் படித்தவற்றுள் எங்கள் உள்ளத்தைத் தைத்தது இதுவே. வட அமெரிக்காவில் பிரிட்டிஷ் மாதிரி ரயில் கட்டுவோர் சங்கம் ஒன்று உண்டு என்றோம். கனடாவின் கால்கரி நகரிலிருந்து அச்சங்கம் நூல்களையும் வெளியிட்டது. எதைப் பற்றிய நூல்கள்? லண்டனையோ லிவர்பூலையோ பற்றியவை மட்டும்தாமோ? அன்று. ராக்கி மலைகளின் ஊடே செல்லும் கனடியன் பசிபிக் ரயில்வேயைப் பற்றிய புகைப்படத் தொகுதிகளை அச்சங்கம் வெளியிட்டது. தாய்நாட்டு ரயிலை மறவாமல் இருப்பதற்காகக் கூடியவர்கள், தாம் வந்து குடியேறிய நாட்டின் ரயிலுக்கும் ஆவணம் செய்தனர். தொலைவிலுள்ள ஊரை நுணுகிப் பார்த்துப் பழகிய கண், சன்னலைத் திறந்தவுடன் அருகிலுள்ள மலையையும் அவ்வாறே நுணுகிப் பார்த்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர் இங்கிலாந்தைக் காத்தார். இங்கிலாந்திலிருந்து போனவர்கள் கனடாவுக்குத் தொண்டு செய்தனர். புலம்பெயர்ந்தவன் கண்ணுக்குக் கிட்டும் பேறு இது: உள்ளூரான் பழக்கத்தால் காணாததை அவன் காண்கிறான்.

பெரியோர்களே! நாமும் புலம்பெயர்ந்தவர்கள். நம்மைச் சுற்றி இருப்பது யாது? பெங்கால் நாகபுரி ரயில்வே உருவாக்கிய ஊர் இது. 1,072 மீட்டர் நீள மேடை நம் நிலையத்தில் உள்ளது. 2013இல் கோரக்பூர் முந்தும் வரை உலகிலேயே நீளமான மேடை எனப் புகழ்பெற்றிருந்தது. 2023இல் ஹூப்ளி அதனையும் முந்திற்று. மான்செஸ்டரில் பேயர் பீகாக் ஆலையில் செய்து இந்த ரயில்வேக்கு வந்த மாபெரும் கேரட் எஞ்சின்களுள் ஒன்று, 815 என்னும் எண்ணோடு, டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நமக்குத் தெற்கே, ரூப்சாவிலிருந்து பாரிபதா வழியாகச் சென்ற இரண்டரை அடிக் குறும்பாதை இன்று அகலப்பாதை. அதில் பணிபுரிந்த தமிழர், தெலுங்கர், ஒரியர், வங்காளியர் நினைவில் எஞ்சியிருப்பதைக் கேட்டு எழுதியவர் நம்முள் எவர்? தமிழ்ச் சங்கம் தமிழகத்தை மட்டுமே நினைத்திருக்க வேண்டும் என்று எங்கும் விதி இல்லை. நம் பாட்டனார் பலர் பணிசெய்த பட்டறையும், நாம் குடியிருக்கும் ரயில்வே குடியிருப்பும், நம் சங்கக் கட்டடமுமே இன்று மாறி வருகின்றன.

ஆதலின், இவ்வாண்டு விழாவில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். இது பணம் கேட்கும் வேண்டுகோள் அன்று. வரும் கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் ஒரு நாடாவையும் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். தங்கள் ஊர் நிலையத்தில் பழைய கட்டடம் ஏதேனும் நின்றால், அலுவலரிடம் இசைவு பெற்று, அதன் நீளம், அகலம், கதவு, சன்னல், தூண் ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். ஓட்டின் நிறத்தையும், சுவரின் காரை உதிர்ந்த இடத்தையும் சேர்த்தே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டா. புகைப்படம் எடுக்கும்போது மனிதர் யாரையேனும் அருகே நிற்கச் செய்யுங்கள். அவர் உயரமே அளவுகோலாகும். ஓய்வுபெற்ற நிலைய அதிபரோ பாயிண்ட்ஸ்மேனோ இருப்பின், எந்த வண்டி எந்தப் பாதையில் வந்து நின்றது என்று கேட்டுக் குறியுங்கள். இங்கேயே இருப்போர் அதே வேலையை இவ்வூரில் செய்யுங்கள். குறிப்புகளைச் சங்க நூலகத்தில் சேர்ப்பியுங்கள். அவற்றிலிருந்து மாதிரி செய்வது எங்கள் பொறுப்பு. நாங்கள் செய்யாவிடினும், பின்வருவோர் செய்ய அவை காத்திருக்கும்.

எங்கள் பலகையில் இங்கிலாந்து நிலையம் முடியும் தறுவாயில் உள்ளது. அதன் அருகே இன்னுமோர் ஐந்தடிப் பலகையை அறுத்து வைத்திருக்கிறோம். ஓரடிக்கு 4 மில்லிமீட்டர் வீதம் கணக்கிட்டால், நம் நாட்டு அகலப்பாதைக்கு 22 மில்லிமீட்டரும், மீட்டர்கேஜுக்கு 13 மில்லிமீட்டரும் வரும். கணக்கு தயார். அளவுகளை நீங்கள் கொண்டுவர வேண்டும்.